தீயணைப்பு வண்டி வரும் வரை கிராமத்தில் என்ன செய்வது?

சித்திரை வெயிலில் காய்ந்த கூரையில் ஒரு பொறி விழுந்தால் போதும், சில நிமிடங்களில் வீடே எரிந்துவிடும். "வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்பது கிராமங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல். இதில் வீரர்களின் குறை ஏதுமில்லை. பிரச்சினை தூரம்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16.18 லட்சம். ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வசிக்கிறார்கள். தீயணைப்பு நிலையங்களோ புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி போன்ற ஊர்களில் இருக்கின்றன. கிராமப்புறத்துக்கு 20 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான பரிந்துரை. கூரை வீட்டுக்கு அதுவே அதிகம்.

தன்னார்வ நிலையம் என்றால்?

ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் உள்ளனர். விவசாயி, கடைக்காரர், ஆசிரியர் என யாரும் பயிற்சி பெற்று, அழைப்பு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தமிழகத்தில் நிலையங்களை நடத்துவது அரசுத் துறை.

ஆனால், உதவும் மனசுக்கு இங்கே பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தபோது, பல ஊர்களில் இளைஞர்களே அரிவாளும் ரம்பமுமாக இறங்கி வழி ஏற்படுத்தினார்கள். இல்லாதது முறையான பயிற்சிதான். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டம் பேரிடர் மீட்புக்காகத் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தந்தது. தீ விபத்துக்கும் ஊருக்கு ஊர் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் தேவை.

முதல் 20 நிமிடம்

* 101 அல்லது 112-ஐ அழைத்து, ஊர்ப் பெயரோடு அடையாளமும் சொல்லுங்கள். வழிகாட்ட ஒருவர் மெயின் ரோட்டில் நிற்கட்டும்.
* மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யுங்கள். அதுவரை மின்கம்பி மீது தண்ணீர் ஊற்றக் கூடாது.
* முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். தீ நெருங்காத தொழுவமாக இருந்தால் மாடுகளை அவிழ்த்துவிடுங்கள்.
* பக்கத்துக் கூரைகளையும் வைக்கோல் போர்களையும் நனையுங்கள்.
* கிணற்றுக்குள் ஒருவர் மயங்கினால், பதறிப்போய் பின்னாலேயே இறங்க வேண்டாம். உள்ளே விஷவாயு இருக்கலாம். காப்பாற்றப் போனவரும் இறந்துவிடும் ஆபத்து உண்டு.

எங்கே தொடங்கலாம்?

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. அந்த வாரத்தில் நிலைய வீரர்களை ஊருக்கு அழைத்து செய்முறை விளக்கம் கேட்கலாம். அடுத்து வருவது மே 1 கிராம சபை. எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ரூம் சாவி யாரிடம், யார் யாரை அழைப்பது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யலாம். இதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது.