உப்புக் காற்றும் பிறேக்கும்

மோட்டார் வண்டியின் பெருமை அதன் வேகத்தில் உள்ளதென்பர். ஆயின், நிற்கத் தெரியாத வண்டியை ஓட்டத் துணிவார் எவருமிலர். அங்ஙனமிருந்தும் இயந்திரத்தின் நோயறிவோர் பலர்; பிறேக்கின் நோயறிவோர் சிலரே.

திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் இவ்வறிவு பெரிதும் வேண்டப்படுவது. கடலின் உப்புக் காற்று இங்கு இரும்பை ஓயாது அரிக்கின்றது. இலங்கையர் இன்றும் விரும்பிப் பேணும் மொரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம்.

அடைபட்ட திரவத்தின்மீது தரும் அழுத்தம் எங்கும் குறைவின்றிப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. அதனைப் பிறேக்கிற் பொருத்தி 1917இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். மைனரிலும் அம்முறையே. மிதியை அழுத்த, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் குழாய்வழியே நான்கு சில்லுகளுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கின்றது. வழி ஒன்றே, ஆதலால் ஓரிடத்தில் ஒழுகினும் நான்கும் கெடும். அச்சிலிண்டரோ சாரதியின் காலடித் தட்டின்கீழ் மறைந்துள்ளது. கண்ணிற் படாமையால் எண்ணெய் மட்டம் பார்த்தலும் மறந்துபோகின்றது.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயினுட் காற்றுப் புகுந்ததென அறிக. அதனை வெளியேற்றல் வேண்டும். அழுத்திய மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால், எண்ணெய் ஒழுகுகின்றது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் கெட்டுள்ளது. வண்டி ஒருபக்கம் இழுத்தால், ஒரு சில்லின் சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கலாம். லைனரில் எண்ணெய் படிந்திருக்கவும் கூடும். இரும்போடு இரும்பு உரசும் ஓசை எழுந்தால் லைனர் தேய்ந்துவிட்டது. மாரி வெள்ளத்தைக் கடந்தபின் மெதுவாகச் சென்று, மிதியை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்குக.

கண்ணுக்குத் தெரியாத கேடும் ஒன்றுண்டு. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகைக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதில் 205 பாகை செல்சியசு. ஈரமேறியபின் 140 பாகையே. நகரின் சமதரையில் இக்குறை வெளிப்படாதிருக்கலாம். கண்டிக்கு அப்பால் கடுகண்ணாவை இறக்கத்தில், சூடேறிய எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி பயனற்றுப்போகும். ஆகவே ஈராண்டுக்கொருமுறை எண்ணெயை மாற்றுக. இறக்கத்தில் தாழ்ந்த கியரிற் செல்க.

ஓட்டத்திலே பிறேக் தவறினால், மிதியை விரைந்து பலமுறை அழுத்துக. கியரைக் குறைத்து, கம்பியால் தனித்தியங்கும் கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க.

எண்ணெய் குறையுந்தோறும் ஊற்றிவிட்டு அமைதியுறுவோர் உளர். ஒழுக்கு அங்கேயே இருக்கும். வீதியைக் கடக்கும் பள்ளிச் சிறுவன் நமது பிறேக்கின் நிலையை அறியான். அதனை அறிந்திருக்கவேண்டியவர் நாமே.