கருநிரல் மாறும்போது

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில், சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் தன் முதல் வெளிநாட்டு ஆலையை இன்டெல் நிறுவனம் 1972-இல் தொடங்கியது. இத்தகைய ஆலைகளில் ஒரு சோதனைப் பொறி பல்லாண்டு உழைக்கும். அதை இயக்கும் கணினியின் இயங்குதளமோ அதற்குள் பலமுறை புதுப்பிக்கப்பட்டுவிடும். அப்போது பொறியின் இயக்கி நிரல் புதிய தளத்திலும் இயங்குமா என்பது உற்பத்தியையே தொடும் கேள்வியாகிறது.

இயங்குதளத்தின் மையத்தில் இருந்துகொண்டு நினைவகத்தையும் வன்பொருளையும் ஆளும் நிரலே கெர்னல் எனப்படும் கருநிரல். அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே தேவைக்கேற்ப அதனுள் ஏற்றப்படும் துணைநிரல், கருநிரல் கூறு எனப்படும்; பொறியின் இயக்கி நிரலும் பெரும்பாலும் இத்தகைய கூறே. 1991-இல் பிறந்த லினக்ஸில், பயன்பாட்டு நிரல்கள் கருநிரலிடம் உதவி கேட்கும் வாயில்கள் மாறாமல் காக்கப்படுவதால், பழைய நிரல்கள் புதிய பதிப்பிலும் பெரும்பாலும் ஓடுகின்றன. கருநிரலுக்குள்ளேயே நுழையும் கூறுகளுக்கோ அந்த உறுதிமொழி கிடையாது. உள்ளமைப்பைச் செம்மைப்படுத்தும் சுதந்திரத்தை அதன் ஆசிரியர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

பினாங்கின் கொடிமலையில் 1923 முதல் இரு பகுதிகளாக ஓடிய ரயில் 2010-இல் நிறுத்தப்பட்டு, 2011-இல் இடைமாற்றமில்லாத ஒரே பாதையாகத் திறக்கப்பட்டபோது பழைய பெட்டிகள் காட்சிப்பொருளாயின. பழைய கருநிரலுக்கென மூலநிரலிலிருந்து இயந்திரமொழிக்குத் தொகுக்கப்பட்ட கூறின் நிலையும் அதுவே. ஒவ்வொரு கூறும் எந்தப் பதிப்புக்காக, எந்த அமைவுகளோடு தொகுக்கப்பட்டது என்னும் குறிப்பைத் தன்னுள் சுமக்கிறது. அது பொருந்தாவிடில் கருநிரல் கூறை ஏற்க மறுக்கிறது. இந்தக் கண்டிப்பு தேவையானதே. ஏனெனில், ஒரு தரவமைப்பின் நடுவில் புதிய புலம் ஒன்று சேர்ந்தாலே, பழைய கூறு தவறான இடத்தில் எழுதிக் கணினி முழுவதையும் நிலைகுலையச் செய்யக்கூடும்.

கூறுகளுக்கு உறுதிமொழி இல்லை என்பதற்கு, 2019 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0 பதிப்பு தெளிவான சான்று. பயன்பாட்டு நிரல் தரும் நினைவக முகவரி வரம்புக்குள் உள்ளதா என்று பார்க்கும் ‘அக்சஸ் ஓகே’ என்னும் சார்பு, அதுவரை மூன்று உள்ளீடுகளைப் பெற்றது. படிப்பதற்கா எழுதுவதற்கா என்று சொல்லும் முதல் உள்ளீடு, இன்டெலின் 386 சில்லின் ஒரு குறைக்காக வைக்கப்பட்டது; கருநிரலே எழுதும்போது அச்சில்லு எழுதுவதற்கான தடையை மதிக்காது. 386-க்கான ஆதரவு 2013-இல் வெளியான 3.8 பதிப்பிலேயே நீங்கிவிட்டதால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பயனற்ற அந்த உள்ளீட்டை நீக்கி, கருநிரலின் மூலநிரலுக்குள் இருந்த கூறுகள் அனைத்தையும் அதே மாற்றத்திலேயே திருத்தினார். வெளியே தனியாகப் பராமரிக்கப்பட்ட பல கூறுகளோ புதிய பதிப்பில் தொகுக்கப்பட முடியாமல் நின்றன. மூலநிரல் கையிலிருந்தவர்களுக்கு அது ஒரு சொல்லை நீக்கும் வேலை. இல்லாதவர்களுக்கு வழியே இல்லை.

டெல் நிறுவனத்தில் உருவான டி.கே.எம்.எஸ். கருவி, கருநிரல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கூறுகளைத் தானே மீண்டும் தொகுக்கிறது. அதற்கும் மூலநிரல் வேண்டும். ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் தம் நிறுவனப் பயன்பாட்டு வெளியீடுகளில், ஒரு முதன்மைப் பதிப்பின் காலம் வரை, குறிப்பிட்ட இடைமுகங்களை மட்டும் மாறாமல் காக்கின்றன.

ஆகவே, ஆலைக்கோ ஆய்வகத்துக்கோ பொறி வாங்குவோர், விலையைப் பேசும்போதே அதன் கருநிரல் கூறின் மூலநிரலையும் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.