பெட்டி பாடக் கூடாது

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ மாலை நேரத்தில் நின்றால், கடந்துபோகும் ஏதாவது ஒரு காரின் பூட்டிலிருந்து உறுமி மேளப் பாட்டு நெஞ்சில் வந்து இடிக்கும். ஒரு காரில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, திருத்தமாக விழும். இன்னொன்றில் அதே பாட்டு குழம்பி இரையும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் கண்ணுக்கே தெரியாதது ஒன்று, தாழ்சுருதி ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரின் பெட்டிக்குள் இருக்கிறது.

12 அங்குல சப்வூஃபர்கள் இரண்டை, காற்றுப் புகாத ஒரே பெட்டியில் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் உட்புறம் 70 செ.மீ. நீளம், 35 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம் என்றால், ஸ்பீக்கர்கள் அடைக்கும் இடம் போக ஏறத்தாழ 70 லிட்டர் காற்று மிஞ்சும். ஸ்பீக்கர்களின் இரண்டு கோன்களும் 1 செ.மீ. உள்ளே வந்தால் அந்தக் காற்று சுமார் 1 லிட்டர் அளவுக்கு நசுங்கும். பார்க்க அற்பம்தான். ஆனால் உள்ளே அழுத்தம் சுமார் 2,000 பாஸ்கல் ஏறிவிடும். பின்பலகை முழுவதிலும் அதைக் கூட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய 50 கிலோ எடை! 40 ஹெர்ட்ஸ் ஒலியில் அந்தப் பலகையை இந்த விசை வினாடிக்கு 40 முறை வெளியே தள்ளும், 40 முறை உள்ளே இழுக்கும்.

பலகை வளையாமல் என்ன செய்யும்? கோன் உள்ளே போகும்போது சுவர்கள் வெளியே புடைக்கின்றன. கோன் வெளியே வரும்போது அவை உள்ளே குழிகின்றன. ஸ்பீக்கர் எழுப்பும் ஒலிக்கு எதிராகப் பெட்டியே வேலை செய்கிறது. போதாததற்கு, பறையின் தோலைப் போல ஒவ்வொரு பலகைக்கும் இயல்பான அதிர்வு ஒன்று உண்டு. பாட்டில் அந்தச் சுருதி வந்ததும் பலகை தானாகப் பாடத் தொடங்கும். அடி நின்ற பிறகும் இரைச்சல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடித்த பலகை போட்டால் தீராதா என்று கேட்கலாம். கொஞ்சம் தீரும். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. 18 மி.மீ. பலகைக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 2.7 மடங்காகும், ஆனால் எடையும் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். தாங்கல் இல்லாத இடைவெளியின் கணக்கோ இதைவிட வியப்பானது. வளைவு அந்த இடைவெளியின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் வளைவு ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பலகையின் உட்புறம் ஒட்டும் ஒரு மரச்சட்டம் செய்யும் வேலை இது.

சட்டத்தை எந்தத் திசையில் வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நீண்ட பலகையின் வளைவைத் தீர்மானிப்பது அதன் குறுகிய பக்கம். எனவே சட்டம் 70 செ.மீ. நீளவாக்கில் ஓடி, 35 செ.மீ. உயரத்தைப் பிரிக்க வேண்டும். குறுக்கே வைத்து நீளத்தை இரண்டாக்கினால் பலனில் பெரும்பகுதி போய்விடும். சட்டத்தைப் படுக்கவைத்து ஒட்டுவதைவிட, விளிம்பில் நிமிர்த்தி ஒட்டுவது பன்மடங்கு வலு. நட்டநடுவில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால், இரு பகுதிகளும் ஒரே சுருதியில் அதிராது.

இன்னும் அழகான வழி, முன்பலகையையும் பின்பலகையையும் ஒரு மரக்கட்டையால் இணைப்பது. உள்ளழுத்தம் இரண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளில் தள்ளுகிறது. கட்டை இடையில் நின்றால் ஒன்றின் விசையை மற்றொன்று தாங்கிக்கொள்ளும். மரத்தை வளைப்பது எளிது. நீளவாக்கில் இழுத்து நீட்டுவது மிகக் கடினம். 1980களில் இங்கிலாந்தின் பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்துக்காக லாரன்ஸ் டிக்கி உருவாக்கிய 'மேட்ரிக்ஸ்' பெட்டி இந்தக் கருத்தின் உச்சம். ஒன்றோடொன்று கோத்த பலகைகள் பெட்டியின் உள்ளே நிறைந்து, எல்லாச் சுவர்களையும் பிணைத்திருக்கும்.

சட்டம் இறுகிய பலகையின் இயல்பதிர்வு மேலே ஏறிவிடும். சப்வூஃபரோ வழக்கமாக 80, 100 ஹெர்ட்ஸுக்கு மேல் பாடுவதில்லை. ஆகவே அந்தப் பலகையைத் தூண்டிவிட அதிகம் எதுவும் மிஞ்சாது. 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன், 65 செ.மீ. நீளம் கொண்ட சட்டம் அடைக்கும் இடம் முக்கால் லிட்டர்கூட இல்லை. பெட்டியின் கொள்ளளவில் அதைக் கழித்துக் கணக்கிட்டால் போதும்.

பெட்டி செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. மலேசியாவில் அந்தப் பலகைக்கு முக்கிய மூலப்பொருள் ரப்பர் மரம். தோட்டத்தில் நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால் வெட்டினார்களே, அதே பால்மரம்தான். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மரம் வெட்டப்படும். ஒரு காலத்தில் பெரும்பாலும் அடுப்புக்கும் சூளைக்கும் போன அந்த மரம், இன்று நாராக அரைக்கப்பட்டு, பசையோடு அழுத்தப்பட்டுப் பலகையாகிறது.

கடையில் பெட்டி செய்யச் சொன்னால், மூடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். சட்டம் இல்லையென்றால் வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே செய்பவர்கள் பலகை வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். பெட்டிக்குத் தேவையான சட்டம் அவற்றிலேயே இருக்கிறது.