இணையத்தளத்தை இடம் மாற்றும் முன் பெயர் யார் கையில் என்று பாருங்கள்

பூசைப் பொருள் கடை, பூமாலைக் கடை, திருமண அலங்காரம், கேட்டரிங், டியூஷன் நிலையம், ஏர்கோன் பழுதுபார்ப்பு எனச் சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் பலர் இன்று சொந்தமாக ஓர் இணையத்தளம் வைத்திருக்கிறார்கள். முகநூலிலும் டிக்டாக்கிலும் விளம்பரம் செய்தாலும், இந்தக் கடை நிஜமாகவே இருக்கிறதா என்று உறுதிசெய்ய வாடிக்கையாளர் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தளத்தைத்தான்.

அந்தத் தளத்தை இணையத்தில் தாங்கி நிற்பது ஹோஸ்டிங் சேவை. முதல் ஆண்டு மலிவாக இருந்த கட்டணம் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகலாம். தீபாவளி நெருங்கும் நேரத்தில் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். உதவி கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மூன்று நாள் கழித்துப் பதில் வரலாம். இவ்வளவு இருந்தும் பலர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதில்லை. மாற்றினால் தளமே போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

உண்மையில், வரிசை தவறாமல் செய்தால் தளத்தை ஒரு நாள்கூட மூடாமல் ஹோஸ்டிங்கை மாற்றிவிட முடியும். ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமலேயே மாற்றத் தொடங்குவதுதான் அந்த ஆபத்து.

மூன்றும் ஒன்றல்ல

ஓர் இணையத்தளத்துக்குப் பின்னால் மூன்று தனித்தனிச் சேவைகள் உள்ளன. முதலாவது டொமேன். வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் முகவரிப் பெயர் அது. கடையின் பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஹோஸ்டிங். தளத்தின் பக்கங்களும் படங்களும் விலைப்பட்டியலும் வைக்கப்பட்டிருக்கும் கணினி இடம் அது. இதை வாடகைக் கடைவீட்டுக்கு ஒப்பிடலாம். மூன்றாவது, கடையின் பெயரிலேயே வந்து சேரும் மின்னஞ்சல். அது கடிதப்பெட்டி.

ஒரே நிறுவனம் இந்த மூன்றையும் ஒரே பில்லில் விற்பதால், மூன்றும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. கடைவீட்டை மாற்றுவதற்குப் பெயர்ப்பலகையை மாற்றத் தேவையில்லை. டொமேன் பழைய நிறுவனத்திடமே இருக்க, ஹோஸ்டிங்கை மட்டும் வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். பெயர் எந்தக் கணினியைக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை மாற்றினால் போதும். அந்தக் குறிப்புகளின் பட்டியலைத்தான் டிஎன்எஸ் என்கிறார்கள்.

பெயர் யாருடையது?

தளத்தை உருவாக்கிக் கொடுத்தவர் உறவுக்காரப் பையனாக இருக்கலாம், பகுதிநேரமாக வேலை செய்யும் வடிவமைப்பாளராக இருக்கலாம். அவசரத்தில் அவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் டொமேனைப் பதிந்திருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால், பதிவேட்டில் உரிமையாளர் அவர்தான். அவர் வேலை மாறிப் போனாலோ, தொடர்பு விட்டுப்போனாலோ, பத்தாண்டுகளாகக் கட்டணம் கட்டிய வணிகரால் அந்தப் பெயரைத் தொடக்கூட முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. நிர்வாகத்தின் வீட்டில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், தோட்டம் கைமாறி வேலை முடிந்தபோது வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. குடியிருப்பது வேறு, உரிமை வேறு.

ஆகவே, முதல் வேலை சோதித்துப் பார்ப்பதுதான். டொமேன் பதிவுக் கணக்கில் கடை உரிமையாளரே நுழைய முடிகிறதா? அதில் பதிவாகியுள்ள பெயர் அவருடையதா, அல்லது அவருடைய நிறுவனத்தினுடையதா? புதுப்பிப்பு நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது? காலாவதி தேதி என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரியாவிட்டால், ஹோஸ்டிங் மாற்றத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் சரிசெய்ய வேண்டும். பழைய வடிவமைப்பாளருடன் நல்ல உறவு இருக்கும்போதே பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது நல்லது.

டாட் மை என்று முடியும் பெயர்களை மைநிக் நிறுவனம் நிர்வகிக்கிறது. டாட் காம் டாட் மை பெயரைப் பதிய உள்நாட்டு வணிகப் பதிவு தேவை. எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவு கைவசம் இருந்தால், அந்தப் பெயருக்கும் தமக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது வணிகருக்கு எளிதாகிறது.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு ஐகேன் என்ற அனைத்துலக அமைப்பின் விதிகள் பொருந்தும். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அந்த நினைவூட்டல் எப்போதோ விலகிப்போன ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போனால் பயனில்லை. புதுப்பிக்காத பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். காலாவதியான பெயரை அதற்கு முன்பே ஏலத்தில் விடும் நிறுவனங்களும் உள்ளன.

கட்டணம் ஏன் ஏறுகிறது?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணைக்கான சலுகை விலை. புதுப்பிப்பு விலை சிறிய எழுத்தில் இருக்கும். வேறு காரணங்களும் உண்டு. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் பயன்படுத்தும் சிபேனல் மென்பொருள் 2019ஆம் ஆண்டில் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. அந்தச் சுமையில் ஒரு பகுதி வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. மலேசியாவில் வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டு, 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடாக உயர்ந்தது. டாலரில் விலை பார்ப்பவர்கள் நாணய மாற்று விகிதத்தோடு இந்த வரியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எனவே, புதிய நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்பதுதான். காப்பு நகல் தினமும் எடுக்கப்படுகிறதா, அது எங்கே வைக்கப்படுகிறது, மின்னஞ்சல் சேர்த்தியா, தளத்தை அவர்களே இலவசமாக மாற்றித் தருவார்களா, இரவில் தளம் நின்றால் பதில் சொல்ல ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தால், சர்வரும் இங்கேயோ அண்டை நாட்டிலோ இருப்பது தளம் வேகமாகத் திறக்க உதவும்.

விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற சேவைகளில் தளம் கட்டியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. எழுத்தையும் படங்களையும் பொருள் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, தளத்தைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் கட்டியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழையதை நிறுத்தாமல் புதியதைத் தொடங்குங்கள்

மாற்றத்தின் பொன்விதி, புதிய இடத்தில் எல்லாம் வேலை செய்கிறது என்று உறுதியாகும் வரை பழைய கணக்கை ரத்து செய்யக்கூடாது என்பதாகும். ஒரு மாதக் கட்டணம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. பழைய சேவை முடியும் தேதிக்கு நான்கு வாரம் முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் முழுக் காப்பு நகல் எடுக்க வேண்டும். பக்கங்களும் படங்களும் அடங்கிய கோப்புகள் ஒரு பங்கு. ஆர்டர்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அடங்கிய தரவுத்தளம் இன்னொரு பங்கு. இரண்டும் வேண்டும். அந்த நகல் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மட்டும் இருந்தால் போதாது. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பற்றி எரிந்தது. ஏராளமான தளங்கள் நின்றுபோயின. காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஒரு நகல் கடையிலுள்ள கணினியிலோ, தனியான ஹார்ட்டிஸ்கிலோ இருப்பது அவசியம்.

அடுத்து, அந்த நகலைப் புதிய ஹோஸ்டிங்கில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். நிறுவனம் தரும் தற்காலிக முகவரியில் தளத்தைத் திறந்து, எல்லாப் பக்கங்களும் வருகின்றனவா, தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதையாமல் தெரிகின்றனவா, ஆர்டர் படிவம் வேலை செய்கிறதா என்று கைப்பேசியிலும் பார்க்க வேண்டும்.

பிறகுதான் டிஎன்எஸ் மாற்றம். அதற்கு ஓரிரு நாள் முன்பே டிடிஎல் என்ற அளவைக் குறைத்துவிடுவது நல்லது. பழைய முகவரியை உலகெங்கும் உள்ள கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்வது அந்த அளவு. அது 86,400 வினாடி என்றிருந்தால் ஒரு முழு நாள். 300 என்று குறைத்தால் ஐந்தே நிமிடம். நேம்சர்வரையே மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் வரை பிடிக்கலாம்.

இந்த இடைவெளியில் சிலருக்குப் பழைய தளமும் சிலருக்குப் புதிய தளமும் தெரியும். தளத்திலேயே ஆர்டர் எடுப்பவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஓர் ஆர்டர் பழைய சர்வரிலும் மற்றொன்று புதியதிலும் விழுந்தால் கணக்கு குழம்பிவிடும். மாற்றும் நேரத்துக்கு மட்டும் பழைய தளத்தின் ஆர்டர் பக்கத்தை நிறுத்தி, புலனம் வழி ஆர்டர் கொடுக்கும்படி ஒரு வரி அறிவிப்பு போட்டால் போதும். வாரத்தின் நடுவில் ஓர் இரவு இதற்கு ஏற்றது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இதைத் தொடவே கூடாது.

தளம் மாறியதும் அது பாதுகாப்பான இணைப்பில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்எஸ்எல் சான்றிதழ் இல்லாவிட்டால் இத்தளம் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வரும். வாடிக்கையாளர் பயந்து போய்விடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இந்தச் சான்றிதழை இலவசமாகவே வழங்குகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாமாகவே பொருத்திப் புதுப்பித்துத் தருகின்றன.

மறந்துபோவது மின்னஞ்சல்

தளம் அழகாகத் திறக்கும். மறுநாள்தான் தெரியும், கடைக்கு மின்னஞ்சல் எதுவும் வரவில்லை என்று. மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் எம்எக்ஸ் குறிப்பைப் புதிய இடத்தில் எழுதாமல் விட்டதே இதற்குக் காரணம். விலைக் கேள்வி அனுப்பியவர் பதில் வராமல் வேறு கடைக்குப் போயிருப்பார்.

பழைய டிஎன்எஸ் குறிப்புகள் அனைத்தையும் மாற்றத்துக்கு முன்பே ஒன்றுவிடாமல் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்பும் அஞ்சல் குப்பைப் பெட்டிக்குப் போகாமல் காக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் குறிப்புகளும் அதில் அடங்கும். பழைய சர்வரில் சேர்ந்துள்ள அஞ்சல்களைக் கணினியில் இறக்கிவைத்த பிறகே கணக்கை மூட வேண்டும்.

பழைய நிறுவனம் ஒத்துழைக்காவிட்டால்?

டொமேனையும் சேர்த்து மாற்ற விரும்புபவர்களுக்கு மாற்றக் குறியீடு ஒன்று தேவை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, உரிமையாளர் கேட்ட ஐந்து நாள்களுக்குள் பதிவு நிறுவனம் அதைத் தர வேண்டும் என்பது ஐகேனின் விதி. ஆனால், அந்த உரிமை பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் இடம் மாறிய பெயரைப் பொதுவாக 60 நாள்களுக்கு மீண்டும் மாற்ற முடியாது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். டாட் மை பெயர்களுக்கான நடைமுறையை மைநிக்கிடமோ அதன் மறுவிற்பனையாளரிடமோ கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து ஓரிரு வாரம் சிக்கலின்றி ஓடிய பின்னர், பழைய கணக்கை ரத்து செய்து, கடன் அட்டையில் தானாகக் கட்டணம் எடுக்கும் அனுமதியையும் நிறுத்த வேண்டும். பழைய சர்வரில் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். அவற்றை அழிக்கச் சொல்லி எழுத்து மூலம் கேட்பது அவசியம். வணிகர் திரட்டும் இத்தகைய விவரங்களைக் காப்பது 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பாகும்.

இப்போதைக்கு ஹோஸ்டிங்கை மாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. டொமேன் எங்கே பதியப்பட்டது, யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எப்போது காலாவதி, ஹோஸ்டிங் எந்த நிறுவனத்திடம், மின்னஞ்சல் எந்த நிறுவனத்திடம் என்று ஒரே தாளில் எழுதி, எஸ்எஸ்எம் பத்திரத்துடன் சேர்த்து வைக்கலாம். கடவுச்சொற்களைத் தனியே பத்திரப்படுத்தி, குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லிவைக்கலாம். கடையின் வாடகை ஒப்பந்தத்தையும் உரிமத்தையும் காப்பது போல் இதையும் காத்துவைத்தால், எந்த நிறுவனம் கட்டணத்தை ஏற்றினாலும் கடையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகும் பலம் வணிகர் கையிலேயே இருக்கும்.