மலை விடுதி வாங்குவோர் கவனிக்க

கோடைக்கு அஞ்சி மலையேறும் வழக்கத்தை நமது ஜில்லாக்களில் ஏற்படுத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸலிவன் 1820-களில் உதகமண்டலத்தில் தமக்கெனக் கல் வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டார். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பினர். அன்று துரைமார்களுக்கே உரியதாயிருந்த மலைக்காற்று இன்று சாமானிய ஜனங்களுக்கும் கிட்டியிருக்கிறது. இது மகிழத்தக்கதே. ஆனால் அக்காற்றோடு ஓர் ஆசையும் சமவெளிக்கு இறங்கி வந்திருக்கிறது. பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்பட்டுவரும் விடுதியொன்றை அப்படியே கிரயத்திற்கு வாங்கிவிட்டால், கட்டும் தொல்லையுமின்றி, காத்திருக்கும் கவலையுமின்றி, மறுநாள் முதலே பணம் வந்துகொண்டிருக்கும் என்பதே அவ்வாசை. ஆயுள் முழுவதும் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பொருளை இதில் இறக்குவோர் பலராதலால், இதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்வது நமது கடமையென்று கருதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விற்பவர் மே மாதத்து வாடகையைக் காட்டுகிறார். நாளொன்றுக்கு 6,000 ரூபாய். வருஷத்திற்கு 365 நாள். ஆகவே 21 லட்சத்து 90 ஆயிரம் என்று பெருக்கியும் காட்டிவிடுகிறார். ஆனால் வருஷம் முழுவதும் மே மாதமாக இருப்பதில்லை. மழைக் காலத்தில் பாதை சரியும், பனிக் காலத்தில் வாரநாட்களில் அறைகள் வெறிச்சோடும். உதாரணத்திற்கு, வருஷத்தில் 120 இரவுகள் நிரம்பி, சராசரி வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 6 லட்சம். காவற்காரன், துப்புரவு, தண்ணீர், மின்சாரம், ரிப்பேர், வரி, ஆள் பிடித்துக் கொடுப்போரின் தரகு ஆகியவற்றுக்குப் பாதி போனால் மிஞ்சுவது 3 லட்சம். முதலென்ன? கிரயம் 1 கோடி என்றால், அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 1 கோடியே 9 லட்சம். அதற்கு 3 லட்சம் என்பது நூற்றுக்கு மூன்றுகூட ஆகவில்லை. கடன் வாங்கி இதில் இறங்குகிறவர் வட்டியை எங்கிருந்து கட்டுவார் என்று நாம் கேட்கிறோம். ஆகையால் விற்பவரின் வாய்மொழியை நம்பாது, மூன்று வருஷத்துப் பாங்குக் கணக்கையும், அவர் செலுத்திய வருமான வரி, சரக்கு சேவை வரி ஆகியவற்றின் தாக்கல்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். காட்ட மறுப்பாராயின், அம்மறுப்பே தக்க விடையாகும்.

ஆனால் லாபம் குறைவது சிறிய ஆபத்து. முதலே போய்விடுவது பெரிய ஆபத்து. கட்டிடம் நிற்கிறது, விருந்தினர் வந்து போகிறார்கள், ஆகவே அது சட்டப்படி அமைந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று வாங்குவோர் எண்ணிக்கொள்கின்றனர். இதைவிடப் பெரிய மயக்கம் வேறில்லை. நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானைகள் செல்லும் வழித்தடத்தை 2010-ல் சர்க்கார் அறிவித்தனர். 2011-ல் சென்னை ஹைகோர்ட்டார் அதை ஊர்ஜிதம் செய்தனர். 2018 ஆகஸ்டில், அவ்வழித்தடத்திலிருந்த 11 விடுதிகளை 48 மணி நேரத்திற்குள் பூட்டி முத்திரையிடுமாறு சுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டனர். 2020 அக்டோபரில் ஹைகோர்ட்டுத் தீர்ப்பையும் நிலைநிறுத்தினர். கொடைக்கானலிலும் கட்டிட விதிகளை மீறிய பல விடுதிகள் 2019-ல் கோர்ட்டு உத்தரவின்பேரில் பூட்டப்பட்டன. பிறர் செய்த மீறுதலுக்கு, பின்னால் வாங்கியவர் பொறுப்பாளியாகலாமா என்று கேட்பதில் பயனில்லை. பூட்டு கதவின்மேல் விழுகிறது. கதவுக்கு அன்று யார் சொந்தக்காரரோ அவரே நஷ்டத்தை ஏற்கவேண்டியிருக்கிறது.

ஆதலால் மலையில் பத்திரம் பார்ப்பது சமவெளியில் பார்ப்பது போன்றதன்று. மூலப் பத்திரம், பட்டா, 30 வருஷத்து வில்லங்கச் சான்று ஆகியவை எங்கும் வேண்டியவை. மலையில் இன்னும் சில வேண்டும். 1990-ல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் இடம் வருகிறதா, வருமாயின் அனுமதி உண்டா? கட்டிட வரைபடத்தில் கண்ட மாடியும் நிலத்தில் நிற்கும் மாடியும் ஒன்றா? குடியிருப்பு வீடென்று அனுமதி பெற்றுக்கொண்டு விடுதி நடத்தப்படுகிறதா? நிலம் 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதாயின், விற்பதற்கே கமிட்டியாரின் முன் அனுமதி வேண்டும். கூடலூர்ப் பிரதேசமாயின், 1969-ஆம் வருஷத்து ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி அந்நிலத்தின் நிலை என்னவென்று அறியாமல் முன்பணம் கொடுப்பது புத்திசாலித்தனமாகாது. முன்பணத்திற்கு முன்னரே ஓர் உள்ளூர் வக்கீலையும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஓர் எஞ்சினீயரையும் அமர்த்திக்கொள்வது நலம். அவர்களுக்குக் கொடுக்கும் கூலி, பின்னால் கொடுக்க நேரும் கண்ணீரைவிட மலிவானது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மலைகளின் தாங்கும் சக்திக்கு எல்லையுண்டு என்பதைக் கோர்ட்டார் இப்போது வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கிவிட்டனர். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு கட்டப்பட்டது. பழைய கூட்டத்தை நம்பிப் போட்ட கணக்கு இந்த வரம்புக்குள் நிற்குமா என்று வாங்குவோர் யோசிக்கவேண்டும். இந்த வரம்பை நாம் குறைகூறவில்லை. காடும் நீரும் அழிந்தபின் விடுதிக்கு யார் வரப்போகிறார்கள்? மலையில் பிறந்து, தோட்டத்திலும் கடையிலும் உழைக்கும் குடும்பத்திற்குக் குடத்துத் தண்ணீரும் குடியிருக்க வீடும் கிட்டாத நிலையில், வெளியூரார் வாங்கிய அறைகள் வருஷத்தில் பாதிநாள் பூட்டிக் கிடப்பது நியாயமாகுமா?

இதில் சர்க்காருக்கும் நகரசபையாருக்கும் பெரும் பொறுப்புண்டு. அனுமதியற்ற கட்டிடம் ஒரே இரவில் முளைப்பதில்லை. அஸ்திவாரம் போடும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்து, கூரை வேய்ந்து கைமாறிய பின் பூட்டை எடுத்துக்கொண்டு வருவது நிர்வாகமாகாது. மலை ஊர்கள் ஒவ்வொன்றிலும் அனுமதி பெற்ற விடுதிகளின் ஜாபிதாவை, சர்வே நம்பருடனும் அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கையுடனும் நகரசபை வாயிலிலேயே ஒட்டிவைக்கட்டும். பத்திரம் பதிவாகும்போது அந்த ஜாபிதாவின் நகலையும் இணைக்கும்படி விதி செய்யட்டும். உண்மையான விற்பனையாளருக்கு இதனால் நஷ்டமில்லை. ஊழியர்களும் பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அன்பர்களும் அந்தந்த ஊர்களில் இக்கோரிக்கையை எழுப்பவேண்டும்.

மலையில் விடுதி வாங்கலாகாது என்பது நமது கட்சியன்று. அனுமதி தெளிவாயிருந்து, கணக்கு நேர்மையாயிருந்து, உள்ளூராருக்கு வேலையும் தந்து நடத்தப்படும் விடுதி கௌரவமான தொழிலே. ஆனால் குளிர்ந்த காற்றில் நின்றுகொண்டு கையெழுத்திடலாகாது. பத்திரங்களை வாங்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கி வந்து, வெயிலில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்தபின் முடிவு செய்வோர் ஏமாறமாட்டார்கள்.