மாதுகங்கையில் மெதுவாகப் போகும் படகு

பெருநாள் விடுமுறையிலும் பாடசாலை விடுமுறையிலும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு புறப்படும் எம்மவர்களுக்கு நுவரெலியாவும் கண்டியும் தெரியும். தெற்கே போனால் காலிக் கோட்டை வரை போவார்கள். இடையில் பலப்பிட்டியவில் காலி வீதிப் பாலத்தை வாகனம் ஒரு நொடியில் தாண்டிவிடுகிறது. அந்தப் பாலத்தின் கீழே கடலோடு கலப்பதுதான் மாதுகங்கை. கொழும்பிலிருந்து சுமார் 80 கிலோமீற்றர் தூரம்.

கங்கை என்று பெயர் இருந்தாலும் உள்ளே போனால் ஆறு மாதிரித் தெரியாது. பரந்து கிடக்கும் களப்பு. அதற்குள் சிறிதும் பெரிதுமாகத் தீவுகள். தீவுகள் 64 என்று படகோட்டிகள் சொல்வார்கள். மரம் ஒன்று மட்டும் நிற்கும் திட்டையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்று நினைக்கிறேன். சில தீவுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒன்றில் கொத்துவ விகாரை இருக்கிறது.

1971 இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1990 இல் சேர்ந்தது. அதன் பட்டியலில் புந்தல, ஆனைவிழுந்தாவ ஆகியவற்றுக்கு அடுத்து, 2003 இல், மாதுகங்கையின் 915 ஹெக்டயர் இடம்பெற்றது. 2006 இல் இது சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்றதும் வேலி போட்டு மனிதரை வெளியேற்றிய இடம் என்று எண்ண வேண்டாம். தேசிய பூங்காவைப் போலன்றி, சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், தொழில் செய்யலாம். மீன்பிடியும் கறுவாத் தோட்டமும் படகுச் சவாரியும் இங்கே ஒரே தண்ணீரை நம்பி நடக்கின்றன. வியாபாரியின் கண்ணுக்கு இந்த இடம் சுவையாக இருப்பது அதனால்தான்.

இந்தத் தண்ணீரின் மூலதனம் கரையோரக் கண்டல் மரங்களில் இருக்கிறது. கடலின் உப்பு நீரும் மேலிருந்து வரும் நன்னீரும் கலக்கும் சேற்றில், முட்டுக்கால் ஊன்றியதுபோல் வேர்களை இறக்கி அவை நிற்கின்றன. அந்த வேர்ச் சிக்கலுக்குள் பெரிய மீன் நுழைய முடியாது. ஆகவே இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அங்கே ஒளிந்து வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. கரையோரச் சந்தையில் நாம் விலை கேட்கும் மீனில் ஒரு பங்கு இப்படியான கழிமுகங்களில் வளர்ந்ததுதான். மாதுகங்கையில் 300க்கு மேற்பட்ட தாவர இனங்களும் 250க்குக் கிட்டிய முதுகெலும்புள்ள உயிரினங்களும் பதிவாகியுள்ளன. நீர்க்காகம், மீன்கொத்தி, கொக்கு என்பவை எல்லோர் கண்ணுக்கும் படும். கிளையில் நீட்டிப் படுத்திருக்கும் கபரகொய்யாவைப் படகோட்டி காட்டினால்தான் பலருக்குத் தெரியும். முதலையும் உண்டு.

ஒரு படகுக்கு ஒரு விலை

சவாரி பெரும்பாலும் படகுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. இங்கேதான் எங்கள் பழக்கம் முன்னுக்கு வருகிறது. புறக்கோட்டையில் மொத்தச் சரக்கு வாங்குவதுபோல் நின்று பேரம் பேசி, கேட்ட தொகையில் ஒரு பெரும் பகுதியைக் குறைத்துவிட்டு ஏறுகிறோம். வென்றுவிட்டோம் என்ற திருப்தி. ஆனால் எரிபொருளின் விலை குறையவில்லை, இயந்திரத்தின் தேய்மானம் குறையவில்லை. குறையக்கூடியது ஒன்றே ஒன்றுதான், நேரம். அந்த ஆள் இரண்டு மணித்தியாலப் பயணத்தை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு அடுத்த குழுவை ஏற்ற வேண்டும். விட்ட காசை, நம்மை இறக்கிவிடும் கடைகளில் கிடைக்கும் தரகில் பிடிக்க வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. அந்தக் கணக்கை நாமும் தினமும் போடுகிறோம்.

வேகமாகப் போகும் படகு எழுப்பும் அலை கரையில் மோதி, கண்டல் வேரைப் பிடித்திருக்கும் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கண்டல் மரங்கள் இருபுறமும் கூடி வளைவு கட்டியிருக்கும் ஒடுங்கிய வாய்க்காலுக்குள் இயந்திரத்தை அலறவிட்டுப் போனால், அதற்கு முன்பே பறவைகள் எழும்பிப் போய்விடும். பார்க்க வந்ததைத் துரத்திவிட்டுப் பார்க்கப் போகிறோம். ஒன்றும் தென்படாத வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த, வாய் கட்டிய முதலைக் குட்டியைக் கையில் தந்து படம் பிடிக்கச் சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிள்ளைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பட்ட அடியும் சிறிதல்ல. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களோடு வெளிநாட்டார் வரவு நின்றது. 2020 இல் கொவிட் வந்தது. 2022 இல் பயணிகள் திரும்பத் தொடங்கியபோது நாட்டில் எரிபொருள் இல்லை. மூன்று முறை விழுந்து எழுந்த தொழிலில் விலை வெட்டும் போட்டி வருவது இயல்பு. அந்தப் போட்டியின் நட்டம் எந்தப் படகுக்காரரின் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை. அது கரையில் பதிகிறது.

இது வெறும் பயம் காட்டல் அல்ல. புத்தளம், சிலாபம் பக்கத்து வாசகர்கள் கண்ணால் பார்த்த கதை ஒன்று இருக்கிறது. 1980களிலும் 90களிலும் இறால் ஏற்றுமதியில் கொட்டிய பணத்தைப் பார்த்து, கண்டலை வெட்டிப் பண்ணைகள் அமைத்தார்கள். ஒரு பண்ணையின் கழிவுநீரே அடுத்த பண்ணைக்கு உள்வாங்கும் நீராயிற்று. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்தத் தண்ணீரே அதைக் குளத்துக்குக் குளம் கொண்டுபோனது. கைவிடப்பட்ட குளங்களில் மறுபடி கண்டலை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பது நாற்று நட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் 2015 இல் அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கரை ஏற்கெனவே பெரும் விலை கொடுத்து முடித்திருந்தது.

கறுவாத் தீவில்

படகு வழக்கமாக நிற்கும் இடங்களில் ஒன்று கறுவா உரிக்கும் வீடு. தோலைச் சீவி, பித்தளைக் கோலால் தேய்த்து, பட்டையைக் கிழியாமல் கழற்றி ஒன்றுக்குள் ஒன்று செருகும் கைவேலையைப் பிள்ளைகள் பார்க்கட்டும். இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுக்குக் கிடைத்த முதலாவது அது. மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு குச்சியை முறித்துப் பார்க்கலாம். உண்மைக் கறுவா மெல்லிய பல சுருள்களாக நொறுங்கும். காசியா தடித்த ஒற்றைப் பட்டை. விலை நகரத்தைவிடக் கூடவாக இருக்கலாம், பரவாயில்லை. உரிப்பவரின் கைக்கு நேராகக் கொடுக்கும் காசு அது.

போகிறவர்களுக்கு

காலை ஏழு மணிக்கு முன் படகில் இருக்க முயலுங்கள். வெயில் ஏறினால் பறவை குறையும், படகு கூடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை குறைவு, வலசைப் பறவைகளும் இருக்கும் காலம். அதிவேக நெடுஞ்சாலையில் வருபவர்கள் குருந்துகஹஹெதெக்மவில் இறங்க வேண்டும். கரையோர ரயிலில் பலப்பிட்டிய நிலையத்தில் இறங்கினால் முச்சக்கர வண்டி போதும். காலி வீதியால் வருபவர்களுக்குத் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் பேருவளையும் தர்கா நகரும் வழியிலேயே இருக்கின்றன. விகாரைத் தீவில் இறங்கினால் செருப்பையும் தொப்பியையும் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடையோடு போவது மரியாதை.

விலை பேசும்போது தொகையைக் குறைக்கச் சொல்லாமல் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலம், மெதுவான ஓட்டம், கண்டல் வாய்க்காலுக்குள் இயந்திரம் நிறுத்தம், மீன் கடிக்கும் தொட்டியும் முதலைக் குட்டியும் வேண்டாம் என்று ஏறுமுன்பே பேசி முடித்துவிட வேண்டும். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கு அளவான அங்கி இல்லையென்றால் அடுத்த படகைக் கேளுங்கள்.