பதினோராம் எண் கூண்டு

‘கூண்டு ஏத்தியாச்சா?’

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கருத்தால் நாகப்பட்டினம் கரையில் முதலில் எழும் கேள்வி இதுதான். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகள் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கெரியும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அதற்கு மேலும் ஓர் எண் உண்டு: 11. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். பெரும் அபாயத்துக்கும் ஒரு படி மேலே அதை வைத்திருக்கிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அங்கிருந்து தெற்கே கரையோரமாகவே வந்தால், வேதாரண்யம் தாண்டி நிலம் முடிந்துபோகும் இடம் கோடியக்கரை. வடக்கு தெற்காக ஓடிவந்த சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்கக் கடல். தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. இந்த மடிப்புதான் புயலைக் கணிப்பவர்களுக்குப் பெரிய சோதனை.

நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கோடியக்கரைக்குச் சற்று வடக்கே அது கரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாடை அடிக்கும். புயலின் மையம் நெருங்கியதும் அது மேற்குக் காற்றாக மாறும். கிழக்குக் கரையில் தண்ணீர் கடலை நோக்கித் தள்ளப்படும். மையம் உள்ளே போனபின் தென்காற்று எழுந்து, பாக் நீரிணையின் தண்ணீரைத் தெற்குக் கரையில் ஏற்றும். சேறும் சகதியும் சதுப்புக்குள் புகும். அதே புயல் கோடியக்கரைக்குத் தெற்கே போனால் எல்லாம் தலைகீழ்: கிழக்குக் காற்று வங்கக் கடலையே ஊருக்குள் தள்ளும். இருபது கிலோமீட்டர் இடம் மாறினால் கடல் எந்த வாசல் வழியாக வரும் என்பதே மாறிவிடும்.

அந்த இருபது கிலோமீட்டரை முன்கூட்டியே சொல்ல முடியுமா? புயலின் மையம் எங்கே இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்வதில், அண்மை ஆண்டுகளின் சராசரிப் பிழை சுமார் 80 கிலோமீட்டர். முன்பைவிட இது எவ்வளவோ குறைவு. செயற்கைக்கோளும் காரைக்கால் ரேடாரும் கணினி மாதிரிகளும் சேர்ந்து சாதித்தது. ஆனாலும் நம் வரைபடத்தில் 80 கிலோமீட்டர் என்பது கோடியக்கரையிலிருந்து தரங்கம்பாடிக்கு உள்ள தூரம்! அதனால்தான் புயலின் பாதையை ஒற்றைக் கோடாக மட்டும் காட்டாமல், போகப் போக விரியும் கூம்பாகவும் வரைகிறார்கள். கோட்டைப் பார்த்து ‘நம்ம ஊருக்கு வராது’ என்று நிம்மதியடைவது தவறு. கூம்புக்குள் இருக்கும் ஊரெல்லாம் வரும் என்றே தயாராக வேண்டும்.

2018 நவம்பரில் இதைக் கண்ணால் பார்த்தோம். 11ஆம் தேதி தாழ்வு மண்டலம் புயலானதும் இலங்கை கொடுத்திருந்த ‘கஜா’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வட தமிழகம், தெற்கு ஆந்திரம் நோக்கி வரும் என்பது தொடக்கக் கணிப்பு. பிறகு கூம்பு தெற்கே நகர்ந்து கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றானது. 16ஆம் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வீசிய காற்றோடு கஜா கரை ஏறியது. அதற்குள் 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள்.

இதன் அருமை தெரிய 2004 டிசம்பர் 26-ஐ நினைக்க வேண்டும். எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லாமல் வந்த சுனாமியில் நாகை மாவட்டம் மட்டும் 6,000 பேருக்கு மேல் இழந்தது. அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது; 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கஜா வந்தபோது கணிக்கும் கையும் ஊரைக் காலி செய்யும் கையும் ஓரளவு கோத்திருந்தன.

ஆனாலும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வேதாரண்யத்து உப்பளங்கள் சேற்றில் மூடின. கோடியக்கரைச் சரணாலயத்து வெளிமான்கள் அடித்துச் செல்லப்பட்டு, காரைக்கால் பக்கம் சடலமாக ஒதுங்கின. கடலே கண்ணில் படாத ஒரத்தநாட்டிலும் புதுக்கோட்டையிலும் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன.

காற்றின் கணக்கு அப்படி. வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்றில் தலையாட்டி நிற்கும் தென்னை, 120-ல் நான்கு தென்னைக்குரிய சுமையைத் தாங்க வேண்டும். உச்சியில் மட்டையும் குலையும் கனக்க, ஐப்பசி மழையில் அடிமண் ஊறிக் கிடக்க, எப்படி நிற்கும்? அறிவிப்பில் ‘120 கிலோமீட்டர்’ என்ற எண் இருந்தது. அந்த எண் தன் தோப்புக்கு என்ன செய்யும் என்பது விவசாயியின் மனத்தில் படமாக விரியவில்லை. பேச்செல்லாம் கடலோரத்தைப் பற்றியே இருந்ததால், உள்நாட்டில் ‘புயல் கரையைக் கடந்தாச்சு’ என்றால் ஆபத்து முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

வானிலைத் துறை இப்போது ‘தாக்கம் சார்ந்த முன்னறிவிப்பு’ என்பதற்கு வந்திருப்பதற்குப் பொருள் இதுதான். காற்று எவ்வளவு என்பதோடு நிற்காமல், எந்த மாவட்டத்தில் கூரை பறக்கும், மின்கம்பி அறும், வயலில் நீர் தேங்கும் என்று மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் செய்வதெல்லாம் சின்ன வேலைகள்தான். தென்னையில் முற்றிய குலைகளையும் கனத்த ஓலைகளையும் இறக்குவது. சம்பா வயலில் வடிகால் வெட்டி, உரம் போடுவதைத் தள்ளிப்போடுவது. குடிநீர்த் தொட்டியை நிரப்பி, மோட்டாருக்கு ஜெனரேட்டர் தேடி வைப்பது. காற்று திடீரென்று ஓய்ந்தால் புயலின் கண் மேலே நிற்கிறது, எதிர்க்காற்று வரப்போகிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது.

கோடியக்கரையில் ஐப்பசி தொடங்கி மாசி, பங்குனி வரை மீன்பிடி சீசன். வெளியூர் மீனவக் குடும்பங்கள் வந்து கரையில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலிலோ ரேஷன் கடைக் கணக்கிலோ அவர்கள் இருக்க மாட்டார்கள். புது தில்லியில் வரைந்த கூம்பு, சென்னை வழியாக, ஆட்சியர் அலுவலகம் வழியாக, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வந்து, அந்தக் கொட்டகையின் படலைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால், துறைமுகத்தில் எந்தக் கூண்டு தொங்கினாலும், அந்தக் குடும்பத்துக்கு ஏறியிருப்பது 11ஆம் எண்தான்.